ஆறு மணி எஞ்சின் சத்தம்

மஸ்கட்டிலிருந்து நான் கிளம்பியபோது என் மனைவி சுமதி இரண்டு விஷயங்களைக் கொடுத்தனுப்பினாள். ஒன்று, இரண்டு கிலோ பேரீச்சம்பழம். இன்னொன்று, ஒரு பரீட்சை. பழம் அவள் அப்பாவுக்கு. பரீட்சையும் அவருக்குத்தான், ஆனால் அதை நடத்த வேண்டியவன் நான்.

என் மாமனார் வரதராஜன், எழுபத்திரண்டு வயதில், மாமல்லபுரத்தில் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் தனியாக இருக்கிறார். அவரை எங்களோடு அழைத்து வந்துவிட வேண்டும் என்பது சுமதியின் கட்சி. “கார் இருக்கு, கை கால் இருக்கு. நான் எதுக்கு அங்க வந்து பால்கனியில உக்காரணும்?” என்பது அவர் கட்சி. இரண்டு வருடப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஒரு சமரசம் ஏற்பட்டது. அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து, செங்கல்பட்டு வரை போய்த் திரும்ப வேண்டும். வழியில் நான் ஒரு தடவையாவது பயந்துபோய், என் காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்தால் அவர் ஃபெயில். வீட்டைப் பூட்டிக்கொண்டு என்னோடு விமானம் ஏற வேண்டியதுதான்.

அவர் பாஸாகிவிடுவார் என்றுதான் நாங்கள் இருவருமே நினைத்தோம். தினமும் இந்திய நேரம் மாலை ஆறு மணிக்கு, எங்களுக்கு நாலரை, சுமதி அவருக்குப் போன் செய்வாள். பின்னணியில் எஞ்சின் ஓடுகிற சத்தம் கேட்கும். “இப்பதாம்மா மார்க்கெட் போய்ட்டு வந்து நிறுத்தறேன்” என்பார். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அவளுக்கு டீ இறங்கும்.

காலையில் போய் இறங்கினேன். வெண்பொங்கல், கத்திரிக்காய் கொத்சு, மேலே டிகிரி காபி. மாமா நன்றாகச் சமைக்கிறார். ஓய்வு பெறும்வரை அணுபுரத்தில் குடியிருந்தவர், அணுமின் நிலையத்தின் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்தவர். அதனால் அடுப்படியில்கூட ஒரு சரிபார்ப்பு நோட்டு தொங்குகிறது. கேஸ் மூடியாச்சா, டிக். குழாய் மூடியாச்சா, டிக். மருமகன் வந்தாச்சா என்று ஒரு கட்டம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

“பரீட்சைக்குப் போலாமா மாமா?”

“முதல்ல ரெஸ்ட் எடுங்க மாப்ளே. பிரயாணக் களைப்பு இருக்கும்” என்றார். மத்தியானம் கேட்டேன், வெயில் என்றார். நாலு மணிக்குக் கேட்டபோது ராகு காலம் முடியட்டும் என்றார். அன்றைக்கு அந்த நேரத்தில் ராகு காலமே இல்லை என்பது காலண்டரைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

கடைசியில் சாவியை எடுத்தார். பதினைந்து வயதுக் கார், வெள்ளை நிறம், கண்ணாடி மாதிரித் துடைத்து வைத்திருந்தார். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஒரே சொடுக்கில் ஓடியது. முதல் கியர் போட்டுக் கிளட்சை விட்டார். காரின் பின்பக்கம் தரையோடு குந்திக்கொண்டது. ஒரு சாண் நகர்ந்து, சிமெண்டில் இரண்டு கறுப்புக் கோடு போட்டுவிட்டு எஞ்சின் நின்றது. ஹேண்ட் பிரேக்கை எடுத்துத்தான் விட்டிருந்தார். மறுபடி முயன்றோம், மறுபடியும் குந்தியது.

“இன்னைக்கு நாள் சரியில்ல” என்றார் மாமா. அவர் முகத்தில் வருத்தத்தைவிட நிம்மதி அதிகமாக இருந்ததை அப்போது நான் கவனித்திருக்க வேண்டும்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் கோயமுத்தூர்க்காரன். எங்கள் ஊரில் பாதிப் பேர் மோட்டார் செய்கிறவர்கள், மீதிப் பேர் அதை ரிப்பேர் பார்க்கிறவர்கள் என்று வெளியூரில் ஒரு நம்பிக்கை உண்டு. எனக்குச் சைக்கிளுக்குக் காற்றடிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்திலேயே என்னை விஞ்ஞானக் கண்காட்சிக்குச் சேர்க்காமல் வரவேற்புக் குழுவில் போட்டார்கள்.

மறுநாள் காலை மெக்கானிக் ஞானராஜ் வந்தார். நாற்பது வயது இருக்கும். வந்ததும் காரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “கோய்முத்தூரா சார்? அப்போ நீங்களே பாத்துருப்பீங்களே.”

“பார்த்தேனுங்க. நின்னுட்டு இருக்குது” என்றேன்.

அவர் ஜாக்கி போட்டுப் பின்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். அசையவில்லை. “அட, பின்னாடியும் டிஸ்க்கா? இங்க ஓட்ற வண்டிக்கெல்லாம் பின்னாடி டிரம்தான் இருக்கும். இது பெரிய எடத்து வண்டி.” சக்கரத்தோடு சேர்ந்து ஒரு இரும்புத் தட்டு சுற்றுகிறது. பிரேக் பிடித்தால் அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்க ஒரு இரும்புப் பிடி இருக்கிறது, அதுதான் காலிப்பர். கவ்வுவதும் விடுவதும்தான் அதன் வேலை. நம்முடையது கவ்விய பிறகு விடுவதை மறந்துவிட்டது. பின்னால் இரண்டு பக்கமும் துரு ஏறி இறுகிப்போயிருந்தது.

“கடல் காத்து சார். உப்பு. இதுல ஹேண்ட் பிரேக்க வேற இஸ்துட்டு வுட்டுக்கீறாரு. இந்த வண்டி ரோட்டுக்குப் போயி ஒன்ற வருசமாவது ஆவுது. எஞ்சின் மட்டும் ஓடிகினு இருந்துகீது.”

நான் திரும்பி மாமாவைப் பார்த்தேன். அவர் மல்லிகைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். அதற்கு விடிந்ததுமே ஊற்றியிருந்தார்.

போர்டிகோவில் தூணுக்கும் சுவருக்கும் நடுவே கார் மாட்டிக்கொண்டிருந்ததால் ஞானராஜுக்குக் கை நுழைய இடமில்லை. எதிர்ப்புறம் தண்டபாணியின் சிற்பக் கூடம். பெரிய கொட்டகை, காற்றழுத்தும் கம்ப்ரசர், நாலு ஆள். காரை அங்கே கொண்டுபோனால் வேலை சுலபம் என்றார் ஞானராஜ். ஆனால் நகராத காரை எப்படிக் கொண்டுபோவது? மஸ்கட்டில் இதற்கு ஒரு வண்டி வரும், ஒருவர் இறங்குவார், ஒரு வார்த்தை பேசாமல் தூக்கிக்கொண்டு போய்விடுவார். இங்கே தண்டபாணி வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

“எவ்ளோ வெயிட்டு இருக்கும்? ஆயிரத்து ஐநூறு கிலோவா? எங்க நந்தி இதுக்கு டபுளு.”

சிலையை நகர்த்துகிற மாதிரியே காரை நகர்த்தினார்கள். பின்சக்கரங்களுக்கு அடியில் பலகை, பலகைக்கு அடியில் வரிசையாக இரும்புக் குழாய்கள். ஆனால் அதற்கு முன்னால் கற்பூரம். கூடத்தை விட்டு எந்தக் கல்லும் கற்பூரம் காட்டாமல் நகராதாம். கல் இல்லையே, கார்தானே என்றேன். “அசையாம இருக்கறத அசைக்கறதுன்னா சொல்லிட்டுத்தான் அசைக்கணும் சார்” என்றார் தண்டபாணி. அப்புறம் ஒரு சட்டம் சொன்னார்: தள்ளும்போது ஒருத்தர் மட்டும்தான் பேச வேண்டும், மற்றவர்கள் வாயே திறக்கக் கூடாது. மாமாவுக்கு அந்தச் சட்டம் மிகவும் பிடித்துவிட்டது. அதைப் பாராட்டிப் பேச ஆரம்பித்தவரை “ஐயா, நீங்களும்தான்” என்று அடக்கினார்கள்.

“தள்ளு... நில்லு. கொழா மாத்து. தள்ளு.” முக்கால் மணி நேரத்தில் கார் தெருவைக் கடந்து, பாதி செதுக்கிய இரண்டு பிள்ளையார்களுக்கும் ஒரு புத்தருக்கும் நடுவில் போய் நின்றது. வடநாட்டுச் சுற்றுலாக் குடும்பம் ஒன்று நின்று படம் எடுத்தது. அந்த அம்மாள் கணவரிடம் இந்தியில் கேட்டது எனக்கும் புரிந்தது: “இதையும் கல்லிலா செய்திருக்கிறார்கள்?”

ஞானராஜ் சக்கரங்களைக் கழற்றி, காரைக் கருங்கல் பாளங்கள் மேல் உட்கார வைத்தார். காலிப்பரின் துருப்பிடித்த ஆணியைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார். தண்டபாணி அதைப் பிடுங்கிக்கொண்டு, “அடிச்சா ஒடையும். தட்டுனா வரும்” என்று டக் டக்கென்று கால் மணி நேரம் பொறுமையாகத் தட்டினார். வந்தது. ஆனால் உள்ளே இருந்து தட்டை அழுத்துகிற பிஸ்டன் மட்டும் பின்வாங்க மறுத்தது. ஞானராஜ் கிளாம்ப் போட்டு அழுத்தினார். ஏறி உட்காராத குறை. “பேஜாரு சார் இது” என்று சொல்லிவிட்டு நாஸ்தா சாப்பிடப் போனார். நானும் கூடப் போனேன். அவர் இட்லி வடகறி சாப்பிட்டார், நான் வஞ்சிரம் வறுவல். மாமனார் வீட்டில் முட்டைகூட நுழையாது. “மூச்சு வுட மாட்டேன் சார்” என்று ஞானராஜ் சத்தியம் செய்தார்.

மாலை ஆறு மணிக்கு மாமாவை வீட்டில் காணவில்லை. எதிர்ப்புறத்திலிருந்து எஞ்சின் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன்.

பின்சக்கரங்கள் இல்லாத கார், கல் மேல் நின்றபடி உறுமிக்கொண்டிருந்தது. மாமா ஓட்டுநர் இருக்கையில், சீட் பெல்ட் போட்டுக்கொண்டு, போனைக் காதில் வைத்திருந்தார். “இப்பதாம்மா மார்க்கெட் போய்ட்டு வந்து நிறுத்தறேன். மாப்ளையா? குளிச்சிட்டு இருக்கார்.” போனை வைத்த பிறகுதான் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“கால் போயிடுச்சு மாப்ளே” என்றார். “ஒன்றரை வருஷம் முன்ன கருங்குழிக்குப் போயிட்டு வந்தேன். ஆண்டனி இருக்கானே, என்னோட வேலை பார்த்தவன், மாசம் ரெண்டு தடவை போய்ச் சதுரங்கம் ஆடுவோம். திரும்பி வரச்சே ஆக்ஸிலேட்டரை எவ்ளோ மிதிச்சாலும் வண்டி போகல. காலுல பலம் இல்ல. கையும் என்னை அறியாம இடது பக்கமா இழுக்குது. ரெண்டு தடவை ரோட்டை விட்டு இறங்கிட்டேன். ரெண்டாவது தடவை ஒரு அம்மா குடத்தோட நின்னுட்டு இருந்தா. ஒரு அடி. அவ்ளோதான் இடைவெளி.”

அன்றைக்கு வீட்டில் கொண்டுவந்து நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை முழு பலத்தோடு இழுத்துவிட்டாராம். அதற்குப் பிறகு வண்டியை எடுக்கவில்லை. ஆண்டனியிடம் வண்டி சர்வீஸில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

“வண்டியைச் சரி பாத்தீங்களா மாமா?”

“பார்க்காம இருப்பேனா? ஆயில், பேட்டரி, டயர் காத்து, ஸ்டியரிங். எல்லாம் நோட்டுல எழுதியிருக்கேன். எல்லாம் சரி. அப்ப மிச்சம் இருக்கிறது யாரு? நான்தானே.” பிரேக்கையும் பார்த்திருக்கிறார். அன்றைக்கு வாசலில் நிறுத்தும்போதே, மிதித்தால் நிற்கிறதா என்று பார்த்தார். நன்றாகவே நின்றது, டிக் போட்டுவிட்டார். “டாக்டர் எக்ஸ்ரே எடுத்துட்டு முழங்கால்ல ஒண்ணும் இல்லன்னார். சின்ன வயசு டாக்டர், அனுபவம் பத்தாதுன்னு நினைச்சேன். தைலம் தேய்ச்சிட்டு இருக்கேன்.” எஞ்சினை அணைத்தார். “சுமதிகிட்ட சொல்லிடுவீங்களா?”

வண்டி சரியாகட்டும் மாமா என்று சொல்லி எழுந்துவிட்டேன். அது பதில் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். சொன்னால் அவர் வீடு போயிற்று, சொல்லாவிட்டால் இன்னொரு குடத்தம்மா. எந்தப் பக்கம் பார்த்தாலும் மனசு ஒப்பவில்லை.

மூன்றாம் நாள், இடது பக்கக் காலிப்பரையும் தட்டை உரசிப் பிடிக்கிற, இரண்டு பக்கத்துப் பிரேக் பேடுகளையும் ஒரு நைலான் பையில் போட்டு ஞானராஜ் என்னைச் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏற்றிவிட்டார். “மல்லிகாக்கா கடைன்னு கேளுங்க. பின் டிஸ்க்குக்கு அவங்ககிட்டதான் சாமான் இருக்கும்.” பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்துக்கொண்டேன். திருக்கழுக்குன்றம் வருவதற்குள் ஆயில் கசிந்து என் பேன்ட் நனைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மாள் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நண்டா அது? சொட்டிகினு கீது பாரு.”

“இல்லீங்க. பிரேக்கு.”

அவர் முகம் மாறியது. “இந்த பஸ்ஸுதா?”

இல்லை இல்லை என்று நான் விளக்குவதற்குள் முன்சீட்டுக்காரர் திரும்பி, “இன்னாது, பிரேக்க கழட்டிட்டாங்களா?” என்றார். கண்டக்டர் வந்து பையைத் திறந்து பார்த்துப் பஸ்ஸைச் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று. எங்கள் கோயமுத்தூர் பஸ்ஸில் என்றால் நாலு பேர் காலிப்பரைக் கையில் வாங்கி, எந்த லேத்துப் பட்டறையில் கொடுத்தால் சரியாகும் என்று விலாசம் சொல்லியிருப்பார்கள்.

மல்லிகாக்காவின் கடை பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்து நிமிஷ நடை. ஐம்பது வயது, காதில் போன், ஒரு கையில் பன் பட்டர் ஜாம். மறு கையால் என் பையைக் கவிழ்த்து, பேடுகளைக் கண்ணாடி மேஜைமேல் வரிசையாக வைத்தார். போனில் பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

“இது லெப்ட்டுதா? இது யாரு ஓட்ற வண்டி?”

“எங்க மாமனாருங்க. எழுபத்திரண்டு வயசு.”

“பாவம். காலு வலிக்குதுன்னு சொல்லிருப்பாரே.”

கால் வலியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

“ரைட்ல பாரு, பேடு பாதிக்கு மேல கீது. லெப்ட்ல சுத்தமா காலி, இரும்போட இரும்பு ஒரசிருக்கு. வண்டி நின்னப்புறம் புடிச்சது இல்ல சார் இது. ஓடறப்பவே லெப்ட்டு புடிச்சிகினு இருந்துகீது. மத்தது அப்புறமா துரு ஏறி நின்னுருக்கும். ஒரு ஆளு காலைக் கட்டிப் புடிச்சிகினா நீங்க எப்படி நடப்பீங்க? வண்டி லெப்ட்டு பக்கமா இஸ்துகினே போயிருக்கும். எம்மா மிதிச்சாலும் போயிருக்காது. அவரு பாட்டுக்கு நமக்கு வயசாய்டுச்சுன்னு நெனச்சிருப்பாரு.”

சாமான்களைக் கட்டிக் கொடுத்தார். கூடவே ஒரு துண்டுச் சீட்டில் எழுதினார்: ‘பிஸ்டனை அழுத்தக் கூடாது. திருகினால்தான் உள்ளே போகும்.’ ஹேண்ட் பிரேக்கோடு சேர்ந்த பிஸ்டன் அப்படித்தானாம். “ஞானராஜு இந்நேரம் அமுக்கிகினு இருப்பான், சொல்லுங்க.” நான் சந்தோஷத்தில் நன்றி சொல்லிவிட்டுத் தெருவில் பாதி தூரம் ஓடிவிட்டேன். “சார், பிரேக்க வுட்டுட்டு எங்க போறீங்க?” என்று பின்னாலிருந்து கத்தினார்.

திரும்பும் வழியில் திருக்கழுக்குன்றத்தில் ஒரு கல்யாண ஊர்வலம், பஸ் நகரவில்லை. இறங்கி ஒரு ஷேர் ஆட்டோவில் ஆறு பேருக்கும் இரண்டு பலாப்பழத்துக்கும் நடுவில் உட்கார்ந்து வந்து சேர்ந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு இயந்திரத்தைப் பற்றி எனக்கு ஏதோ தெரிந்திருந்தது. அதைச் சொல்ல வாய் துடித்தது.

மாமா நம்பவில்லை. ஆதாரம் கேட்டார். பேடுகளை வாங்கி, பீரோவிலிருந்து அளவுகோலை எடுத்துவந்து, ஒவ்வொன்றாக அளந்து நோட்டில் எழுதினார். வலது பக்கத்துக்கு ஒரு எண் எழுதினார். இடது பக்கம் அளக்க ஒன்றும் இல்லை. பேனாவை மூடி வைத்தார். எழுந்து நின்று, வலது காலைத் தூக்கி ஒருமுறை தரையில் ஓங்கி மிதித்தார். மறுபடியும் மிதித்தார்.

“ஒன்றரை வருஷமா முழங்காலுக்குத் தைலம் தேய்ச்சேன் மாப்ளே” என்றார். “காருக்குத் தேய்ச்சிருக்கணும்.”

சொல்லிவிட்டு அவர் சிரிக்க ஆரம்பித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகு நேரம் துடைத்தார். எனக்கும் கண் கலங்கியது.

நாலாம் நாள் வேலை முடிந்தது. ஞானராஜ் சீட்டைப் படித்துவிட்டு, “அதத்தான் நானும் சொல்லிகினு இருந்தேன்” என்றபடி பிஸ்டனைத் திருகினார். சமர்த்தாக உள்ளே போனது. பிரேக் ஆயில் ஊற்றி, குழாயில் நுழைந்த காற்றை எடுக்க வேண்டும் என்று என்னை உள்ளே உட்கார வைத்தார். “அமுக்குங்க. வுடுங்க. அமுக்குங்க.” அந்த வேலையை நான் பிழையில்லாமல் செய்தேன். போகும்போது மாமாவிடம், “ராவுல நிறுத்தனீங்கன்னா கியர்ல போட்டுக் கல்லு வைங்க சார். இந்த உப்புக் காத்துல ஹேண்ட் பிரேக்க இஸ்துட்டு மாசக்கணக்கா வுடாதீங்க. வண்டி ஓடிகினே இருக்கணும்” என்றார். தண்டபாணி, உடைந்துபோன கல் யானையின் காதுகள் இரண்டைச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கத் தந்தார்.

ஐந்தாம் நாள் காலை பரீட்சை. தண்டபாணி எலுமிச்சம்பழம் வைத்தார். மாமா நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டு, நாலு சக்கரமும் தடையில்லாமல் சுற்றுகிறதா என்று பார்த்து டிக் செய்தார். பழம் நசுங்கியது, கார் கிளம்பியது. முதல் இரண்டு கிலோமீட்டர் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பிடியில் விரல்கள் வெளுத்திருந்தன. இடது பக்கம் இழுக்குமா என்று காத்துக்கொண்டே ஓட்டினார். இழுக்கவில்லை. ஒரு வளைவில் குடத்தோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். மாமா வேகத்தைக் குறைத்து, தாராளமாக இடம் விட்டுத் தாண்டினார். அதற்குப் பிறகு விரல்கள் தளர்ந்தன.

நான் பரீட்சை அதிகாரியாக என் வலது காலையே கவனித்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. திருக்கழுக்குன்றம் மலை வரும்வரை எனக்கு நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது மாமா என் தோளைத் தட்டி, “செங்கல்பட்டு வந்துடுச்சு. காபி குடிக்கலாமா?” என்று கேட்டது. நான் தூங்கிவிட்டிருந்தேன். இதைவிடப் பெரிய சான்றிதழ் ஒரு ஓட்டுநருக்கு யாரும் கொடுக்க முடியாது.

ஆறாம் நாள், விமானத்துக்கு முந்தின நாள். அப்பா பாஸ் என்று சுமதிக்கு நேற்றே சொல்லியாயிற்று. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தேன். எழுந்தபோது வீடு அமைதியாக இருந்தது. போர்டிகோவில் இரண்டு யானைக் காதுகள் மட்டும் கிடந்தன. அடுப்படி நோட்டில் பென்சிலால், ‘கருங்குழி, ஆண்டனி. தோசை மாவு ஃபிரிட்ஜில்’ என்று எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு டிக்.

ஆறு மணிக்கு மாமாவின் போன் அடித்தது. அதைச் சாப்பாட்டு மேஜைமேலேயே மறந்துவிட்டுப் போயிருந்தார். எடுத்தேன்.

“அப்பா எங்க? என்ன இது, எஞ்சின் சத்தமே கேக்கல?” சுமதியின் குரலில் பதற்றம் இருந்தது. “வண்டி சரியில்லையா?”

“சரியாயிடுச்சு” என்றேன். “அதனாலதான் கேக்கல.”

“அப்பா வண்டியிலயா போயிருக்கார்? தனியாவா? நீங்க ஏன் கூடப் போகல?”

“கூப்பிடலையே” என்றேன்.